வெள்ளிக்கிழமை, இரண்டரை மணி

லண்டன் போகிறவர்கள் நாடாளுமன்றத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் புதன்கிழமையைத்தான் கேட்பார்கள். அன்று நண்பகலில் பிரதமர் கேள்வி நேரம். கூச்சல், கிண்டல், பதில் கிண்டல் எல்லாம் கிடைக்கும். முன்கூட்டியே டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. வெள்ளிக்கிழமைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் குறைவு, எம்.பி.க்கள் அதைவிடக் குறைவு. வியாழன் மாலையே பெரும்பாலானவர்கள் தொகுதிக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பிறக்காமல் போகிறது என்று பார்க்க வெள்ளிக்கிழமையை விட்டால் நாள் கிடையாது. அரசாங்கத்தின் மசோதாக்களுக்கு மற்ற நாட்கள் இருக்கின்றன. பதவி எதுவும் இல்லாத சாதாரண உறுப்பினர்கள் தாங்களாகக் கொண்டுவரும் மசோதாக்களுக்கு ஒரு கூட்டத்தொடரில் 13 வெள்ளிக்கிழமைகள் மட்டுமே. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து, மதியம் இரண்டரை ஆனால் கடையைக் கட்டிவிடுவார்கள்.

என்னுடன் வந்தவர் வடமராட்சிக்காரர், இப்போது ஹாரோவாசி. என்னைவிட வயதில் நன்றாக இளையவர். எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அண்ணை. இத்தனை வருஷம் லண்டனில் இருந்தும் நாடாளுமன்றத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லையாம்.

“ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிண்டு கத்தினதோட சரி அண்ணை. உள்ளுக்க போகோணும் எண்டு ஒருநாளும் தோணேல்ல.”

அவர் சொன்னது 2009ஐ. ஏப்ரல் 6 முதல் ஜூன் 17 வரை, 73 நாட்கள், இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் இருந்த போராட்டம். முதல் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தையே மறித்துவிட்டார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் நேரே இங்கே வந்துவிடுவாராம். வன்னியிலிருந்து போன் வருவது ஒவ்வொரு நாளாகக் குறைந்துகொண்டே வந்ததைச் சொன்னார். அப்புறம் சட்டென்று, “அப்ப காந்தி இஞ்ச இல்லை” என்றார். உண்மைதான். சதுக்கத்தில் காந்தி சிலை வந்தது 2015இல். அவரை வாய்க்கு வந்தபடி ஏசிய சர்ச்சில் அதே சதுக்கத்தில், பிக் பென்னைப் பார்த்தபடி தடியூன்றி நிற்கிறார். இரண்டு பேரையும் ஒரே புல்தரையில் வைத்துப் பராமரிக்க இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும். பார்வையாளர் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற சிலை யாருடையது என்கிறீர்கள்? 1653இல் படைவீரர்களை உள்ளே கூப்பிட்டு, இதே நாடாளுமன்றத்தைக் கலைத்துத் துரத்திய கிராம்வெல்!

சோதனை முடிந்ததும் முதலில் வருவது வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிற மரக்கூரை பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை விதித்ததும், இந்தியாவில் செய்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகளுக்காக வாரன் ஹேஸ்டிங்ஸை 1788 முதல் 1795 வரை ஏழு வருஷம் விசாரித்துக் கடைசியில் விடுதலை செய்ததும் இங்கேதான். எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் இந்த ஹாலில் நின்று மூச்சுவாங்கும். எனக்கு அதைத் தாண்டியிருக்கிற இடத்தில்தான் வேலை இருந்தது.

அதன் பெயர் செயின்ட் ஸ்டீபன்ஸ் ஹால். பார்வையாளர் காலரிக்குப் போகிறவர்கள் இதற்குள் நடந்துதான் ஆகவேண்டும். பெரும்பாலானவர்கள் நிற்காமல் போய்விடுகிறார்கள். பழைய காமன்ஸ் சபை இருந்த இடம் இது. அதற்கு முன் அரண்மனையின் தேவாலயம். பாடகர் குழுவுக்காக இரண்டு பக்கமும் எதிரெதிரே போட்டிருந்த பெஞ்சுகளில்தான் பதினாறாம் நூற்றாண்டில் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் முகத்துக்கு முகம் பார்த்து உட்காரும் வழக்கம் அப்படி வந்ததுதான். 1834இல் எல்லாம் எரிந்துபோனது. சபாநாயகர் நாற்காலி இருந்த இடத்தைத் தரையில் பித்தளைக் குமிழ்கள் காட்டுகின்றன. சுவரோரமாகப் பளிங்குச் சிலைகள். ஃபாக்ஸ், இளைய பிட், எட்மண்ட் பர்க் மூவரும் இருக்கிறார்கள்.

1785 பிப்ரவரி 28 இரவு இதே இடத்தில் பேச்சு ஆற்காட்டைப் பற்றி. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா சேப்பாக்கம் அரண்மனையில் இருந்துகொண்டு கடன் மேல் கடன் வாங்கியவர். கடன் கொடுத்தவர்கள் வேறு யாருமில்லை, சென்னையில் சம்பளத்துக்கு இருந்த கிழக்கிந்தியக் கும்பெனி ஊழியர்களேதான். அதில் பெரிய கை பால் பென்ஃபீல்ட். தஞ்சாவூர் அறுவடையையே தனக்கு ஈடு வைத்திருக்கிறார்கள் என்று உரிமை கொண்டாடியவர். அந்தத் தகராறு முற்றித்தான் 1776இல் சென்னை கவர்னர் பிகட்டை அவருடைய சொந்த கவுன்சிலே கைது செய்தது. மறு வருஷம் காவலிலேயே அவர் இறந்தார். பென்ஃபீல்ட் ஊர் திரும்பினார், தேர்தலில் நின்று எம்.பி. ஆனார். தான் மட்டும் ஆகவில்லை, ஆற்காட்டுப் பணத்தில் தன்னையும் சேர்த்து எட்டுப் பேரைச் சபைக்கு அனுப்பிவைத்தார் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. அந்தக் கடன்களைச் சரிபார்க்காமலே கர்நாடகத்தின், அதாவது நவாபின் சீமையின், வரிப்பணத்திலிருந்து அடைக்கலாம் என்று பிட்டின் அரசாங்கம் சொன்னது. ஆவணங்களைச் சபைமுன் வையுங்கள் என்று ஃபாக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அதை ஆதரித்து பர்க் எழுந்தார்.

அந்த உரையில் ஹைதர் அலியின் படையெடுப்பு பற்றிய பகுதிதான் பிரசித்தம். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. பர்க் நம்முடைய ஏரிகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். கர்நாடகத்திலும் தஞ்சையிலுமாகப் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருக்கவேண்டும் என்று கணக்குச் சொல்லி, அவற்றை வெட்டிவைத்த பழைய அரசர்களைப் புகழ்ந்து, கரை உடைந்து கிடக்கும் ஏரியைச் செப்பனிட வேண்டிய காசு இல்லாத கடனை அடைக்கப் போகிறது என்று வாதாடியிருக்கிறார். இந்தியாவை ஒருநாளும் கண்ணால் பார்க்காத மனிதர்! மதுராந்தகத்துக்கோ செம்பரம்பாக்கத்துக்கோ நேரில் போய்ப் பார்த்தவர்போலப் பேசுகிறார்.

தீர்மானம் தோற்றது. கடனை வரிப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். பின்னாளில் நவாபின் ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டு, பாக்கிக் கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டபோது, கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட நியாயமானது என்று தேறவில்லை.

பிட், ஃபாக்ஸ், பர்க் மூவரும் இப்போது ஒரே ஹாலில் பளிங்காக நிற்கிறார்கள். பென்ஃபீல்டுக்குச் சிலை இல்லை. எனக்கென்னவோ ஒன்று வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

தம்பிக்கு இதெல்லாம் கொஞ்சம் நீளமாகத் தோன்றியிருக்க வேண்டும். “அண்ணை, உள்ளுக்க துவங்கியிருக்கும்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சென்ட்ரல் லாபி எட்டுப் பக்கம் கொண்ட உயரமான கூடம். இங்கே வந்து ஒரு பச்சைச் சீட்டை நிரப்பிக் கொடுத்தால், உங்கள் தொகுதி எம்.பி.யை வெளியே வரச்சொல்லி ஆள் அனுப்புவார்கள்; வருவதும் வராததும் அவர் இஷ்டம். வெள்ளிக்கிழமையில் அவர் ஊரில் இருந்தால்தானே? கறுப்பு வால்கோட்டும் வெள்ளை போ டையும் அணிந்த காவலர் ஒருவர் மாடிப்படியைக் காட்டினார். பையைக் கொடுத்து, போனை அணைத்து, ஏறினோம்.

பார்வையாளர் காலரிக்கு முன்னால் கனத்த கண்ணாடித் தடுப்பு. அதன் வழியாகக் கீழே பார்த்தால் டி.வி.யில் தெரிவதில் பாதி அளவுதான் சபை. உறுப்பினர்கள் 650 பேர், இருக்கை 427 பேருக்குத்தான். 1941 மே மாதம் ஜெர்மன் குண்டில் இடிந்ததைத் திரும்பக் கட்டியபோதே பெரிதாக்கியிருக்கலாம்; சர்ச்சில் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். சபை நெருக்கியடித்து உட்கார்ந்தால்தான் விவாதம் சூடு பிடிக்கும் என்பது அவர் கட்சி. 1950இல் திறந்த அந்தச் சபைக்கு அப்போதைய காமன்வெல்த் நாடுகளெல்லாம் சீர்வரிசை அனுப்பின. சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நடு மேசை கனடாவுடையது. வாசல் கதவுகளை இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தன. சபையின் காவல் அதிகாரி உட்காரும் நாற்காலி இலங்கை கொடுத்தது. இதைச் சொன்னதும் தம்பி எட்டிப் பார்த்தார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து அது தெரியவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. காமன்ஸ் சபை இடிந்துகிடந்த அந்த வருஷங்களில் உறுப்பினர்கள் பிரபுக்கள் சபையின் மண்டபத்தில் கூடினார்கள். இந்திய சுதந்திரச் சட்டத்தை 1947 ஜூலையில் இரவல் இடத்தில் உட்கார்ந்துதான் விவாதித்தார்கள். ஜூலை 18 அன்று அரசர் ஒப்புதல் கிடைத்தது. இருபதே பிரிவுகள் கொண்ட சட்டம். ஒரு துணைக்கண்டத்தை இரண்டாக்குவதற்கு அது போதுமானதாக இருந்தது.

கீழே முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் தலையைப் பெஞ்சின் சாய்மானத்தில் ஒட்டி, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். தூக்கம் என்றுதான் முதலில் யாரும் நினைப்பார்கள். சாய்மானத்தில் சின்ன ஒலிபெருக்கி பதித்திருக்கிறது. காதை அதில் வைத்துக் கேட்கிறார்கள். தூங்கியவர்களும் இருக்கலாம், நான் உத்தரவாதம் தரமுடியாது.

பேச்சு நாய்க்குட்டிகளைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. நாய், பூனை, ஃபெரட் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் மசோதா. ஃபெரட் என்பது நம் ஊர்க் கீரியை நினைவூட்டும் ஒரு வளர்ப்புப் பிராணி. கொண்டுவந்தவர் வின்செஸ்டர் எம்.பி., தொழிலால் கால்நடை மருத்துவர். சொந்த வளர்ப்புப் பிராணி என்று சொல்லி ஒரு ஆள் ஐந்து வரை கொண்டுவரலாம் என்று விதி இருந்தது. ஒரு வேனில் நாலு பேர் ஏறினால் இருபது குட்டிகள். வியாபாரிகள் இந்த ஓட்டைக்குள்தான் புகுந்து வந்தார்கள். இனி ஆளுக்கு ஐந்து அல்ல, வண்டிக்கு ஐந்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும், நிறைசினையாக இருப்பவற்றையும், காதை வெட்டிக் கொண்டுவருவதையும் தடுக்கலாம். சின்னச் சட்டம்தான், ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிந்தவர் அடைத்தது. எழுந்தவர்கள் எல்லாரும் ஆதரித்தார்கள். பேச எழுந்தவர் அநேகமாகத் தம் வீட்டு நாயையும் பேச்சுக்குள் இழுத்துவிட்டார். சபைக் குறிப்பில் அந்த நாய்கள் நிரந்தரமாக ஏறிவிடும்.

“எங்கட ஊரில நாயை ஆர் எண்ணினவை” என்றார் தம்பி மெதுவாக. ஏளனமாகச் சொல்லவில்லை.

இப்படி ஒரு வெள்ளிக்கிழமையில் நாய்க்குட்டிச் சட்டம்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் கொலைக்குத் தூக்குத் தண்டனையை நிறுத்திய 1965 சட்டம் சிட்னி சில்வர்மன் என்ற சாதாரண உறுப்பினருடையது. கருக்கலைப்பை அனுமதித்த 1967 சட்டத்தைக் கொண்டுவந்த டேவிட் ஸ்டீலுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமல்ல என்ற சட்டமும் அதே வருஷம் லியோ ஆப்ஸி கொண்டுவந்தது. கட்சிகள் தொடப் பயந்த விஷயங்கள் எல்லாம் இந்தப் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்திருக்கின்றன. தீராத நோயாளிகள் தம் சாவைத் தாமே தேர்ந்தெடுக்கலாமா என்ற மசோதாவை 2024 நவம்பர் 29 அன்று 330க்கு 275 என்று சபை ஏற்றதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அன்று இடம் கிடைக்காமல் உறுப்பினர்கள் நின்றிருப்பார்கள்.

யாருக்கு வாய்ப்பு என்பதைக் குலுக்கல் சீட்டு முடிவு செய்கிறது. கூட்டத்தொடர் தொடக்கத்தில் இருபது பேரைக் குலுக்கி எடுப்பார்கள். முதல் ஏழு பேருக்குள் வந்தால் ஒரு நாளின் தலைப்பில் உட்காரலாம். அதற்குப் பிறகு வருகிறவர்கள், முன்னால் இருப்பது சீக்கிரம் முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

முடியாமல் பார்த்துக்கொள்வதில்தான் இங்கே வித்தை இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பேச்சுக்குப் பொதுவாக நேரக்கட்டு விதிப்பதில்லை. பிடிக்காத மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடவே வேண்டாம். இரண்டரை வரை பேசிக்கொண்டே இருந்தால் போதும். விவாதத்தை நிறுத்தி ஓட்டுக்கு விடவேண்டுமென்றால், அதற்கு ஆதரவாகக் குறைந்தது நூறு பேர் ஓட்டளிக்க வேண்டும். வெள்ளிக்கிழமையில் நூறு பேரை ஊரிலிருந்து பிடித்து வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமல்ல. தனி ஆவர்த்தனம் வந்தால் காபிக்கு எழுந்து போகிற சபைபோல, அவர்களுக்கு வியாழன் மாலையே கால் பரபரக்கிறது.

இதைவிடக் கோணலான வழி ஒன்று. பார்வையாளர்களை வெளியேற்றிச் சபை தனித்துக் கூடவேண்டும் என்று எவரும் ஒரு தீர்மானம் போடலாம். அதற்கு ஓட்டெடுப்பு நடந்து மொத்தம் நாற்பது பேர்கூடத் தேறவில்லையென்றால், அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் மசோதா அப்படியே நின்றுபோகும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இந்தத் தீர்மானம் போடமுடியும். அதனால் மசோதாவின் நண்பர்களே காலை ஒன்பதரைக்கு முதல் வேலையாக அதைப் போட்டுத் தோற்கடித்து, எதிராளியின் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள். எங்களை வெளியேற்ற வேண்டும் என்று கேட்பவர்கள்தான் நாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்! தம்பிக்கு இதை இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

நாய்க்குட்டி மசோதா மறுப்பில்லாமல் முடிந்தது. அப்படி முடிந்த மசோதாவில் பழைய நார்மன் பிரெஞ்சில் ஒரு வரி எழுதி, பச்சை நாடா கட்டி, பிரபுக்கள் சபைக்கு எடுத்துப் போவார்கள். அதற்குப் பிறகு வந்த மசோதா அவ்வளவு அதிர்ஷ்டசாலி இல்லை. பேசியவர்கள் நிதானமாகப் பேசினார்கள். மேலும் நிதானமாகக் குறுக்கிட்டார்கள். குறுக்கிட்டவருக்கு நன்றி சொல்லி, அந்த நன்றியை விளக்கினார்கள். கெட்டிக்காரர்கள், விஷயத்தை விட்டு விலகவே இல்லை. விலகினால் துணைச் சபாநாயகர் உட்காரச் சொல்லிவிடுவார். இரண்டு இருபத்தைந்துக்கு எல்லாருடைய கண்களும் கடிகாரத்துக்குப் போயின. இரண்டரைக்கு ஒருவர் வாக்கியத்தின் நடுவிலிருந்தார்.

“ஆர்டர்” என்றார் துணைச் சபாநாயகர். வாக்கியம் அந்தரத்தில் நின்றது. அந்த மசோதாவின் கதை அத்தோடு சரி.

இதற்கப்புறம் நடந்ததுதான் நான் பார்க்க வந்தது. முறை வராமல் பட்டியலில் மிச்சமிருக்கும் மசோதாக்களின் தலைப்பை எழுத்தர் ஒவ்வொன்றாக வாசிக்கிறார். எவரும் எதிர்க்கவில்லையென்றால் விவாதமே இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். எதிர்க்க ஒரே ஒரு குரல் போதும். முன்பெஞ்சிலிருந்து அரசாங்கக் கொறடா, தலையைக்கூட நிமிர்த்தாமல், “அப்ஜெக்ட்” என்றார். எந்த நாளுக்குத் தள்ளிவைக்க என்று கேட்டார் துணைச் சபாநாயகர். கொண்டுவந்தவர் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார். அடுத்த தலைப்பு. “அப்ஜெக்ட்.” இன்னொரு வெள்ளிக்கிழமை. காரணம் கேட்பதில்லை. பேர்கூடப் பதிவாவதில்லை, சபைக் குறிப்பில் ‘மாண்புமிகு உறுப்பினர்கள்’ என்று பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் எழுதி, வக்கீல்களைப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்துத் தயாரித்த மசோதாக்கள் சில நிமிஷங்களில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

2018 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை இந்த ஒற்றைக் குரல் நாடு முழுக்கக் கேட்டது. பெண்களின் உடைக்குக் கீழே ரகசியமாகப் படம் எடுப்பதைக் குற்றமாக்கும் மசோதா. அரசாங்கமே ஆதரித்தது. கிறிஸ்டோபர் சோப் என்ற ஆளுங்கட்சி உறுப்பினர் எதிர்ப்புச் சொன்னார், நின்றுபோனது. சபைக்குள்ளேயே அவரைப் பார்த்து வெட்கக்கேடு என்று கத்தினார்கள். விஷயத்தை நான் எதிர்க்கவில்லை, விவாதிக்காமல் சட்டம் போடுவதைத்தான் எதிர்க்கிறேன் என்றார் அவர். அரசாங்கம் அதைத் தன் மசோதாவாகவே எடுத்துக்கொண்டு 2019இல் சட்டமாக்கியது.

வெளியே வந்து ஒயிட்ஹால் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் எனக்குப் பொரிந்து தள்ளவேண்டும்போல் இருந்தது. நம் இந்தியாவிலும் தனிநபர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல்தான். தனிநபர் மசோதா என்ற வழக்கத்தையே நாம் இங்கிருந்துதான் கொண்டுபோனோம். 1952 முதல் அப்படிச் சட்டமானவை மொத்தம் பதினான்கு, கடைசியானது 1970இல். திருநங்கைகள், திருநம்பிகளின் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. மக்களவையைத் தாண்டவில்லை. 2019இல் அரசாங்கம் தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, யாருக்காக அது வந்ததோ அவர்களே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். “அங்கே பேசிப் பாஸாக்கிக் கைவிடுகிறார்கள், இங்கே பேசவே விடாமல் கழுத்தை நெரிக்கிறார்கள். முகம் தெரியாத ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லி ஒரு சட்டத்தைக் கொல்வதாவது!” என்றேன்.

தம்பி சீனியைக் கலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணை, பயங்கரவாதத் தடைச் சட்டம் எப்பிடி வந்தது எண்டு தெரியுமோ? எழுபத்தொம்பதாம் ஆண்டு ஆடி மாசம். அவசர மசோதா எண்டு கொண்டுவந்து ஒரே நாளில பாஸ் பண்ணிப்போட்டினம். பேரிலயே தற்காலிகம் எண்டு கிடக்கு. மூண்டு வருசத்துக்கு எண்டினம், எண்பத்திரண்டில நிரந்தரமாக்கிப்போட்டினம். என்ர சித்தப்பா அதுக்குள்ள போய் வந்தவர்.”

எனக்கு இலங்கை நாடாளுமன்றத்தின் அப்போதைய கணக்கு நினைவிருந்தது. 168 பேர் கொண்ட சபை. 1977 தேர்தலில் ஆளுங்கட்சி பிடித்த இடம் 140. எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம், அவர் கட்சிக்கு 18 இடம். எத்தனை மணி நேரம் எதிர்த்தாலும் எண்ணிக்கையில் எடுபடாது.

“அண்டைக்கு ‘அப்ஜெக்ட்’ எண்டு ஒருத்தன் சொல்லி, அது நிண்டிருந்தா?” என்றார் தம்பி. “எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அண்ணை, அந்தத் தலை நிமித்தாம இருந்தவரை.”

அது அரசாங்கத்தின் கொறடா, அரசாங்கமே கொண்டுவரும் மசோதாவை இப்படி ஒற்றைக் குரலால் யாரும் நிறுத்தமுடியாது, அதற்கு வேறு விதி என்றேன். அவர் முகத்தில் இருந்தது கொஞ்சம் வாடியது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று பட்டது, ஆனால் உண்மை அதுதான். இந்த ஊரிலும் நூற்றுக்கு மேற்பட்ட பெரும்பான்மை இருந்தால் அரசாங்கம் நினைத்ததை ஒரே நாளில் முடித்துக்கொள்ள முடியும், முடித்தும் இருக்கிறார்கள். பூட்டு எல்லாம் வெள்ளிக்கிழமைக் கதவுக்குத்தான்.

அவர் போனை எடுத்து நாடாளுமன்றத்தின் நாட்காட்டியைத் தேடினார். கடைசியாகச் சாய்ந்த மசோதாவுக்குச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஞாபகம் இருந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பார்க்கிற எண்ணம்போலிருக்கிறது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அன்று சபைக்கு விடுமுறை.

“சபையே இல்லாத நாளுக்கு எல்லோ தேதி வாங்கியிருக்கிறார்” என்றார். “அப்ப அதை எதிர்க்க ஒருத்தரும் தேவையில்லையே, அண்ணை.”